கல் ஒட்டாது

இஸ்கேஹிசார் பளிங்குச் சுரங்கத்திலிருந்து வந்த தாளில்
முதல் வரியிலேயே தீர்ப்பு இருந்தது:
"பளிங்குச் சில்லு. தொழிலாளி கண்ணாடி அணியவில்லை."
கீழே ஷெவ்கெத் பேயின் கையெழுத்து,
நிறுவன முத்திரை.
ஊதா மை என் கையுறையில் ஒட்டியது.

துர்முஷ், வயது முப்பத்தொன்று.
முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை,
இவனாவது நிற்கட்டும் என்று வைத்த பெயர்.
நடந்தேதான் வந்தான்.
வலக்கண்மேல் ஒரு காகிதக் குவளையைக்
கவிழ்த்து ஒட்டியிருந்தார்கள்,
தேநீர்க் கறையோடு.

கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
காக்கும்,
ஈயிடமிருந்து, எதிர்க்காற்றிடமிருந்து.
இதற்கு வேகம் அதிகம்.
இமை வந்து சேர்ந்தபோது
கதவுக்கு உள்ளே இருந்தது திருடன்.

மருத்துவர் பெலிஸ் வெள்ளைவிழியில்
மூன்று துளைகள் போட்டார்:
நீருக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று,
கைக்கு ஒன்று.
குடியிருக்க வேறென்ன வேண்டும்?

திரையில் எனக்கும் தெரிந்தது.
வில்லை உடைந்து தயிராய்த் திரண்டிருந்தது,
கருவி அதைக் கடித்துக் கடித்து உறிஞ்சியது.
பின்னால் ரத்தப் புகை.
புகை விலக விலக
விழித்திரையின் செம்மஞ்சள் தரை,
ஆறும் கிளையாறுமாய் நாளங்கள்,
ஓரத்தில்
சொருகிக் கிடந்தது அது.
கறுப்பு.
விளக்குக் குழல் சாய்ந்தபோது
ஒருமுறை மினுங்கிற்று.

"இடுக்கி," என்றார்.
நீட்டினேன்.
வாங்கவில்லை. "வேண்டாம். காந்தம்."
மயக்க இயந்திரத்தருகில் நின்ற ஓக்தாய் மட்டும்
"கல்லுக்கா?" என்றான்.

பதினொரு ஆண்டுகள் இந்த மேசையருகே நின்றிருக்கிறேன்.
முள் பார்த்திருக்கிறேன்,
வாதுமை ஓடு, வேட்டைத் துப்பாக்கியின் ஈயம்,
ஒரு சிறுமியின் கண்ணுக்குள்ளே
அவளுடைய இமைமயிரே.
ஒவ்வொன்றும் வெளியே வரும்போது
இவ்வளவுதானா என்று கோபம் வரும்.

காந்த முனை இறங்கியது.
தொடவில்லை. ஓர் அரிசி அகலம் இடைவெளி.
கறுப்பு முதலில் தலையைத் திருப்பியது,
பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைபோல.
பிறகு எழுந்தது.
பிறகு ஒட்டிக்கொண்டது.

கிண்ணத்தில் விழுந்தபோது
சத்தமே கேட்கவில்லை.

கிழிசலைச் சுற்றி லேசர் புள்ளி புள்ளியாய் வேலியிட்டது.
வாயு நிரப்பினோம்.
இனி ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டும்,
தரையையே பார்த்து.

வெளியே நடைவழியில் ஹல்தூன்.
துர்முஷ் உளியைப் பிடித்திருக்க
சுத்தியல் ஓங்கியவன்.
கேட்காமலே சொன்னான்:
உளியின் தலை காளானாய் விரிந்திருந்தது,
ஓரமெல்லாம் வெடிப்பு,
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தோம்.
மூன்று விரல் காட்டினான்.
ரேகைகளில் பளிங்குத் தூள்.
பார்வை வருமா என்று மட்டும் கேட்கவில்லை,
கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று பயம்.

சீசாவில் இட்டு மூடிச் சீட்டு எழுதினேன்.
வலக்கண். நீளம் மூன்று மில்லிமீட்டர்.
எடை பன்னிரண்டு மில்லிகிராம்.
"பொருள்" என்ற இடத்தில்
நடைவழிக் கடைசியிலிருந்து
ஷெவ்கெத் பே செல்பேசியில் சிரிப்பது கேட்டது.
இரும்பு, என்று எழுதினேன்.
மருத்துவர் படித்துப் பார்த்துக்
கீழே கையெழுத்திட்டார், தேதியோடு, மணியோடு.

மாலையில்
குப்புறக் கிடந்த துர்முஷ் தரையிடம் கேட்டான்:
"எடுத்தாச்சா?"
"எடுத்தாச்சு."
"கல்தானே?"
நான் பேசவில்லை.
"வண்டியில் வரும்போது
அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள், அக்கா."

முழந்தாளிட்டேன்.
அவன் முகத்துக்கு நேர் கீழே
தரையில் சீசாவை வைத்தேன்.
இடக்கண் இமைக்காமல்
அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.